வாளி வராத வீடு

அந்த வார்டில் ஒரு ஓட்டின் விலை ஒரு பிளாஸ்டிக் வாளி. வீட்டில் இரண்டு ஓட்டு இருந்தால் வாளிக்கு மூடியும் உண்டு. "மூணு ஓட்டுக்கு?" என்று நான் கேட்டேன். வாளி கொண்டுவந்த ஆள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மொத்தமா எடுத்தா பேசிக்கலாம் தம்பி" என்றார். தொழில் தெரிந்தவர். எங்கள் வெங்காய மண்டியில் இருந்திருந்தால் அப்பா அவரைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருப்பார்.

தெருவில் எல்லா வீட்டுக்கும் வாளி கொடுத்தவர், தாத்தா வீட்டு வாசலில் மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தாண்டிப் போனார். அந்த வீட்டில் சரக்கு இல்லை என்பது ஊருக்கே தெரியும். தாத்தாவின் ஓட்டுக்கு விலை பாட்டியின் ஓட்டு. பாட்டியின் ஓட்டுக்கு விலை தாத்தாவின் ஓட்டு. ஒன்றுக்கு ஒன்று சரிக்கட்டி முப்பத்தெட்டு வருஷமாகிறது.

தாத்தா பூட்டுக் கட்சி. பாட்டி குடைக் கட்சி. கல்யாணமான மூன்றாம் வருஷம் ஒரு தேர்தலில் இருவருக்கும் வந்த சண்டையில், நாலு நாள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. யார் பால் கறப்பது என்பதையும் பேசாததால் மாடு கத்தித் தெருவே திரண்டது. ஐந்தாம் நாள் உடன்படிக்கை ஆயிற்று. இவர் போட்டால் அவர் போட்டது கழிந்துவிடும், அவர் போட்டால் இவர் போட்டது. ஆகவே இரண்டு பேரும் போகவேண்டாம். ஓட்டு நாளன்று சேர்ந்து வயலில் காய் பறிப்பது. இன்னொரு ஷரத்தும் உண்டு: வீட்டுக்குள் அரசியல் பேசக்கூடாது. ரேடியோவில் செய்தி ஆரம்பித்தால் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் அமர்த்திவிட வேண்டும்.

இதுவரை இருபத்திரண்டு தேர்தல். ஒரு தடவைகூட ஒப்பந்தம் பிசகவில்லை. எங்கள் மண்டியில் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமே இரண்டு மாதம் தாங்காது.

ஓட்டு நாளுக்கு மண்டி லீவு. "தாத்தாவுக்கு பிரஷர் மாத்திரை தீந்துபோச்சாம், கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்று அம்மா முந்தின நாள் சாயங்காலமே அனுப்பினாள். பஸ் ஏறும்போது கூடுதலாக ஒரு எச்சரிக்கை: "போனமா வந்தமான்னு இரு. உன் நாக்கு சும்மா இருக்காது. அவருக்கு அதிர்ச்சி ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

என் நாக்கைப் பற்றி அம்மா சொன்னது சரி.

ஓட்டு நாளன்று காலையில் தாத்தா பால் கறந்துகொண்டிருந்தார். அந்த வீட்டில் மாடு தாத்தா பொறுப்பு, இயந்திரம் பாட்டி பொறுப்பு. நான் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்தேன். தொழுவம் வீட்டுக்கு வெளியே என்பதால் ஷரத்து செல்லாது.

"என்ன கமிஷன், டவுன்லயும் இன்னிக்குத்தானே ஓட்டு? போடாம இங்க வந்துட்ட?" என்றார். என் பேர் அவருக்கு மறந்தே போயிருக்கும். மண்டிக்காரன் மகன் பிறந்த நாளிலிருந்து கமிஷன்தான்.

"யாருக்குத் தாத்தா போடறது? எல்லாரும் ஒரே மூட்டைதான். மேல இருக்கறது நல்ல காய், அடியில இருக்கறது அழுகல்."

"எத்தன தடவ போட்டிருக்க?"

"மூணு தடவ வந்துச்சு. மூணும் போகல."

தாத்தா கறப்பதை நிறுத்தாமல் சிரித்தார். "நானும் போறதில்ல, நீயும் போறதில்ல. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லடா. எங்க ஓட்டுக்கு மதிப்பு இருக்குன்னு நாங்க போகல. உன் ஓட்டுக்கு மதிப்பே இல்லன்னு நீ போகல."

"போகாத ஓட்டுக்கு என்ன தாத்தா மதிப்பு?"

"உங்க பாட்டியோட ஒரு ஓட்டை நிறுத்தி வெச்சிருக்கே, அது மதிப்பு இல்லையா?" என்றவர், மடியை விட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த தடவ மட்டும் மனசு கேக்கல. போய்த் தபால்காரம்மாவுக்கு ஒரு குத்து குத்திட்டு வரலாமான்னு இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வார்டில் நிற்பது இரண்டு பேர். ஒருவர் காண்ட்ராக்டர், பூட்டுக் கட்சி. இன்னொருவர் இருபத்தைந்து வருஷம் இந்தத் தெருக்களில் தபால் கொடுத்து ஓய்வு பெற்ற அம்மாள், எந்தக் கட்சியும் இல்லை. போன தடவையும் இதே இரண்டு பேர்தான் நின்றார்கள்.

"நீங்க பூட்டு ஆச்சே!"

"பூட்டுதான். அதுக்காக என் வயல மூழ்கடிக்கிறவனுக்கா போடுவேன்? 'ரோட்டை உசத்தறதுக்கு முன்னாடி அடியில குழாய் பதிக்கணும், இல்லன்னா மழைத்தண்ணி அந்தப் பக்கம் போகாது'ன்னு அந்தம்மா அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே தொண்டை கிழியக் கத்துச்சு. இவன் ஜெயிச்சான், மண்ணைக் கொட்டினான். கீழ் வயல் என்னாச்சுன்னு போய்ப் பாரு."

"அப்ப போய்ப் போடவேண்டியதுதானே?"

"உங்க பாட்டிக்கு அவன் தம்பி முறைடா. சித்தப்பா மகன். தம்பிய விட்டுக் குடுப்பாளா? நான் போனா அவளும் போவா. ஒண்ணுக்கு ஒண்ணு. அப்புறம் எதுக்கு? நான் ஒண்ணும் சொல்லிக்கறதில்ல. பாவம், ரத்த பாசம். போன தடவையே மன்னிச்சு விட்டுட்டேன்." மறுபடியும் கறக்கத் தொடங்கினார். அந்த மன்னிப்பைச் சொன்னபோது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

நான் எழுந்து பின்பக்கம் போனேன். கொட்டகையில் பாட்டி, நிலம் உழுகிற பவர் டில்லரின் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ், வாயில் ஒரு போல்ட்டு. என்னைக் கண்டதும் போல்ட்டைத் துப்பிக் கையில் ஏந்திக்கொண்டார்.

"அங்க என்ன ரகசியம் ரெண்டு பேருக்கும்? பூட்டுக் கட்சிக்கு உன்னையும் சேர்த்துட்டாரா?"

"நான் எந்தக் கட்சியும் இல்ல பாட்டி. உங்க தம்பி ஜெயிப்பாரா?"

"எவன் தம்பி?" என்று பாட்டி ஸ்பானரால் டில்லரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "எங்க சித்தப்பா வம்சத்துல மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லாத ஒண்ணு இருக்குன்னா அது அவன்தான். கீழ் வயல்ல தண்ணி நின்ன அன்னிக்குப் போய் நேராவே கேட்டேன். 'அக்கா, அங்க தாமரை போடுங்க'ன்னு சிரிக்கிறான். ஓட்டு மட்டும் என் கையில இருந்துதுன்னா தபால்காரம்மாவத் தூக்கி நாற்காலியில உக்கார வெச்சிருப்பேன்."

நான் டில்லரைச் சுற்றி வந்து பாட்டிக்கு எதிரே நின்றேன்.

"உங்க கையிலதானே பாட்டி இருக்கு?"

"உங்க தாத்தா பூட்டை விட்டு வருவாரா? மாட்டுக்கே பூட்டுன்னு பேர் வெக்கப் பாத்த மனுஷன். நான் போனா அவரும் போவார். விடு. கட்சிக்காரனுக்குக் கண்ணு தெரியாது. தன் வயல் முழுகினாலும் தெரியாது. நான் என்னிக்கோ மன்னிச்சுட்டேன்." போல்ட்டை முடுக்கியபடி பல்லைக் கடித்தார். "மன்னிக்க முடியாதது ஒருத்தனத்தான். போன தடவ எவனோ ஒரு சோம்பேறி வீட்டுலயே கிடந்திருக்கான் பாரு, அவனை. நூத்தி நாப்பத்திமூணு, நூத்தி நாப்பத்திரெண்டு. ஒரே ஓட்டுல தோத்தா அந்தம்மா. ஒவ்வொரு மழைக்கும் அவனை நெனச்சு ஒரு சாபம் விட்டுட்டுத்தான் தூங்குவேன்."

நான் கீழ் வயலைப் பார்க்கப் போனேன். உயர்த்திய ரோடு ஒரு சுவர் மாதிரி நின்றது. அதன் அடியில் ஒன்றரை ஏக்கர் பழுப்புத் தண்ணீர். நடுவில் ஒரு கம்பம், அதன்மேல் ஒரு கொக்கு.

கணக்கு எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது. வேண்டாம் என்றாலும் மனசு போட்டுவிடும். நூற்று நாற்பத்திரண்டோடு இரண்டைக் கூட்டினால் நூற்று நாற்பத்து நாலு. எதிரே நூற்று நாற்பத்து மூன்று. பாட்டி ஐந்து வருஷமாகச் சபித்துவந்த சோம்பேறி ஒருவன் அல்ல, இரண்டு பேர். அன்றைக்கு அவர்கள் தூங்கவில்லை, வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

வாங்குகிறவர் விலையும் விற்கிறவர் விலையும் தெரிந்த தரகனைப் போலச் சுகவாசி கிடையாது என்பார் அப்பா. அவர் இந்த வியாபாரத்தில் இருந்ததில்லை. இரண்டு பேர் விலையும் ஒன்றே என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொன்னால் இந்தத் தேர்தலில் இரண்டு ஓட்டு கிடைக்கும். கூடவே, கீழ் வயலை மூழ்கடித்தது காண்ட்ராக்டர் மட்டுமல்ல என்பதும் வெளியே வரும். ஒருவரை ஒருவர் மன்னித்து அந்தப் பெருமையில் ஐந்து வருஷம் நிம்மதியாகக் குடித்தனம் நடத்தியவர்கள். அந்த மன்னிப்பு இரண்டும் செல்லாக்காசு என்று நான் எந்த வாயால் சொல்வது? தாத்தாவுக்கு மாத்திரை வேறு. சொல்லாமல் விட்டாலோ, இன்னொரு ஐந்து வருஷம் அந்தக் கொக்கு அங்கேயே நிற்கும்.

பதினொரு மணிக்கு வெண்டைப் பாத்தியில் இறங்கினோம். அவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து வரிசை. நான் பின்னால் கூடையோடு. ஒரு மணிக்கு வாயைத் திறந்தேன். பாட்டி, "முத்தின காயைப் பறிக்காத, அது விதைக்கு" என்றார், மூடிக்கொண்டேன். இரண்டு மணிக்கு மறுபடியும் திறந்தேன்; தாத்தா தலையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். "ஒண்ணுமில்லடா, குனிஞ்சு நிமிந்தா அப்படித்தான்" என்று எழுந்துகொண்டார். அதற்குமேல் ஒரு மணி நேரம் நான் வாயைத் தண்ணீர் குடிக்க மட்டும்தான் திறந்தேன்.

ஓட்டு ஐந்து மணியோடு முடியும். நிமிஷத்துக்கு ஒரு தரம் போனை எடுத்து மணி பார்த்தேன்.

"என்னடா, பொண்ணு எதுவும் போன் பண்றாளா?" என்றார் தாத்தா.

"அவன் மொகத்தைப் பாத்தா பொண்ணு மாதிரி தெரியல, கடன்காரன் மாதிரி இருக்கு" என்றார் பாட்டி.

நாலு மணிக்கு ரோட்டின்மேல் ஒரு வேன் போயிற்று. காண்ட்ராக்டர் ஆட்கள் ஓட்டுப் போடாதவர்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்து அதைப் பார்த்தார்கள். ஒரே சமயத்தில் குனிந்துகொண்டார்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"தாத்தா, அந்தத் துண்டைக் குடுங்க."

"எதுக்கு?"

"ஒரு வியாபாரம். எங்க அப்பா மாடு வாங்கப் போனா எப்படி வெல பேசுவார்னு காட்டறேன். பேச்சே கிடையாது. துண்டுக்குள்ள கையைப் பிடிச்சு விரலால வெல சொல்லணும். பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாது." துண்டை விரித்து என் இரண்டு கைகளையும் மூடினேன். "ஆளுக்கு ஒரு கையப் பிடிங்க. வயல்லதான் நிக்கறோம், வீட்டுக்குள்ள இல்ல, ஷரத்து மீறல் கிடையாது. காண்ட்ராக்டர்னா ஒரு விரல். தபால்காரம்மான்னா ரெண்டு. எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்."

"இதுக்குத்தான் காலையிலேர்ந்து முழிச்சியா?" என்று பாட்டி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தாத்தா பாட்டியைப் பார்த்தார். "பிடிம்மா. உன் தம்பிக்கு ஒண்ணு போயிடப் போவுதா?" என்றார், தாராள மனசோடு. "ஆமா, உங்க கட்சி மானம்தான் கப்பலேறப் போகுது" என்று பாட்டியும் கையை நீட்டினார், அதைவிடத் தாராளமாக.

துண்டுக்குள் தாத்தாவின் கை வறண்டு சொரசொரவென்று இருந்தது. பாட்டியின் கையில் கிரீஸ் பிசுபிசுத்தது. இடது பக்கம் இரண்டு விரல். வலது பக்கம் இரண்டு விரல்.

இப்போதும்கூட நான் பொய் சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம். துண்டு அதற்குத்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

"வெல ஒண்ணுதான்" என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு பாட்டி துண்டை ஒரே இழுப்பில் உருவினார். நாலு கைகள் வெயிலில் அப்படியே இருந்தன. இரண்டு விரல், இரண்டு விரல். பாட்டி தாத்தாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார், எண்ணத் தெரியாதவர் மாதிரி.

"எப்பலேர்ந்து?" என்றார்.

"அவன் மண்ணைக் கொட்டுவேன்னு சொன்னதுலேர்ந்து. நீ?"

"நானும்."

"போன தடவ?"

"போன தடவையும்தான்."

தாத்தாவின் கண் மெதுவாகக் கீழ் வயல் பக்கம் போயிற்று. கொக்கு அங்கேயேதான் இருந்தது. நூற்று நாற்பத்துமூன்று என்று அவர் உதடு அசைந்ததைப் பார்த்தேன். முகம் வெளுத்தது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். மாத்திரை வீட்டில் இருந்தது.

"அஞ்சு வருஷமா யாரைச் சபிச்சேன் நான்?" என்று பாட்டி கேட்டார். என்னிடமா, அவரிடமா, தண்ணீரிடமா, தெரியவில்லை. சட்டென்று தாத்தா பக்கம் திரும்பினார். "வயல் முழுகி நான் அழுதப்ப பக்கத்துல உக்காந்து 'போகட்டும் விடு'ன்னு தட்டிக் குடுத்தீங்களே, அது என்ன? என்னை மன்னிச்சீங்களா?"

"நீயும்தான் அன்னிக்கு எனக்கு ஒரு வாய் கூடுதலா சோறு போட்ட. அது மன்னிப்பா?"

"ஆமா!"

"எனக்கு மன்னிப்பு எதுக்கு? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"கேக்காம இருந்தீங்க."

"நீயும்தான் கேக்கல."

"கேக்கக்கூடாதுன்னு ஒப்பந்தம் போட்டது யாரு?"

"ரெண்டு பேரும்தான்" என்றார் தாத்தா. பாட்டி முந்தானையை உதறிக்கொண்டு கொட்டகையை நோக்கி நடந்தார். போய்விட்டார், இனி நாலு நாளல்ல, நாற்பது நாள் பேச்சு இருக்காது, என் நாக்கில் தீ வைக்க என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே டில்லர் உறுமியது.

"மணி என்னடா?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"நாலே கால்!"

"அந்த மனுஷனை வண்டியில ஏத்து!"

பவர் டில்லருக்குப் பின்னால் பெட்டி கட்டி ஓட்டினால் அது என்ன வேகம் போகும் என்பது அதில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு நாய் எங்களோடு நடந்தே வந்தது. அலுத்துப்போய் முன்னால் ஓடிவிட்டது. வழியில் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தி, அடையாள அட்டையையும் மாத்திரையையும் எடுத்துவந்தேன். தாத்தா தண்ணீரில்லாமலே விழுங்கினார். பாட்டி திரும்பியே பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்த அவர் தோள் இரண்டும் விறைத்திருந்தன.

பாதி வழியில் தாத்தா சத்தத்துக்குமேல் கத்தினார்: "ஏம்மா! அதுக்கு முன்னாடியெல்லாம் நீ குடைதானே?"

பாட்டி கியரை மாற்றினார். ஒரு பள்ளம் வந்தது, தாண்டினோம்.

"குடைதான்!" என்றார் பிறகு. "நீங்க?"

"சத்தியமா பூட்டு!"

"அப்ப அது சரி" என்றார் பாட்டி. தோள் கொஞ்சம் இறங்கியது போலிருந்தது. இருபத்தோரு தேர்தல் ஒழுங்காகக் கழிந்ததில் அவருக்கு ஒரு ஆறுதல்.

ஓட்டுச் சாவடியான பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்துக்கு ஆறு நிமிஷம். வாளிக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தாத்தாவும் பாட்டியும் இறங்குவதைப் பார்த்து அவர் கையிலிருந்த வெற்று வாளி கீழே விழுந்து உருண்டது. அவர்கள் உள்ளே போனார்கள். நான் டில்லரைக் காவல் காத்தபடி, உள்ளே பேர் இருக்குமா, இவ்வளவு வருஷம் வராதவர்கள் என்று எடுத்திருப்பார்களா, தாத்தா வரிசையில் நிற்பாரா, விழுவாரா என்று ஒவ்வொன்றாகப் பயந்து முடித்தேன். இருவரும் விரலில் மையோடு வெளியே வந்தார்கள். வந்த வேகத்தில் தாத்தா சொன்னார்: "சரியான எடத்துலதான் குத்தினேன்."

"உங்களை யாரும் கேக்கல" என்றார் பாட்டி. "வீட்டுக்கு வெளியிலதான் நிக்கறோம், ஆனாலும் கேக்கல."

சின்ன வார்டு என்பதால் எண்ணிக்கை அங்கேயே, உடனே. வராந்தாவில் நின்றோம். பொழுது சாயும் நேரத்தில் ஒரு அதிகாரி வெளியே வந்து காகிதத்தைப் படித்தார். தபால்காரம்மா நூற்று அறுபத்தொன்று. காண்ட்ராக்டர் நூற்று முப்பத்தொன்பது. கூட்டம் கத்தியது. தபால்காரம்மா அழுதார். தாத்தா கைதட்டப் போய்ப் பாட்டியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"இருபத்திரெண்டு வித்தியாசம்" என்றார் பாட்டி. "நாம வராட்டியும் இருபது."

வேண்டியிருந்த வருஷம் வெண்டைக்காய் பறித்தார்கள். வேண்டாத வருஷம் வந்து வரிசையில் நின்றார்கள். திரும்பும் வழியில் கீழ் வயலைத் தாண்டும்போது பாட்டி டில்லரை நிறுத்தவில்லை; இன்னும் மெதுவாக ஓட்டினார், அவ்வளவுதான். "அடுத்த மழைக்கு முன்னாடி குழாய் பதிச்சுடுவாங்களா?" என்று தாத்தா கேட்டார். "பதிக்கலன்னா போய்க் கேப்பேன்" என்றார் பாட்டி. சற்றுப் பொறுத்து, "நீங்களும் வாங்க" என்றார்.

வீட்டில் சாமான் அறைக் கதவுக்குப் பின்னால்தான் பறிப்புக் கணக்கு. எத்தனை கூடை என்று பாட்டி சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார். நிலைப்படியைத் தாண்டியதும் நானும் தாத்தாவும் வாயை மூடிக்கொண்டோம். பாட்டி மூடவில்லை.

"இன்னிக்கு எத்தன கூடை?"

"ரெண்டரை" என்றேன்.

இரண்டு கோடும் ஒரு அரைக்கோடும் போட்டார். பிறகு அதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார். தாத்தா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"இருபத்தோரு தேர்தல். ஆளுக்கு ஆள் கழிஞ்சுது. நேர்."

"நேர்" என்றார் தாத்தா.

"போன வார்டுத் தேர்தல். ரெண்டு ஓட்டு. கழியல."

தாத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அதுல என்னுது ஒண்ணு" என்றார்.

"என்னுது ஒண்ணு."

"யார் பேர்ல எழுதற?"

"கீழ் வயல் பேர்ல." இரண்டு கோடு. அதை ஒரு வட்டத்துக்குள் போட்டார். "இன்னிக்குப் போட்டது இன்னிக்குக் கணக்கு. பழசுல கழிக்க முடியாது."

நான் மெதுவாகக் கூடையை எடுத்துக்கொண்டு நகரப் பார்த்தேன்.

"நில்லு கமிஷன்" என்றார் பாட்டி, திரும்பாமலே. "காலையில மாட்டுக்கிட்ட என்னமோ சொன்னியாமே. நீ போடாம விட்டது மூணா, நாலா?"

"மூணு. இன்னிக்கும் சேத்தா நாலு பாட்டி."

சுண்ணாம்புக் கட்டி கதவில் கிரீச்சிட்டது. தாத்தா, பாட்டி: பாக்கி இரண்டு. பேரன்: பாக்கி நாலு.